இருபத்திரண்டு ரூபாய்த் தகடு

கஜபதி முனியனுக்குத் தர வேண்டியிருந்தது நூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. மாசி மாதத்திலிருந்து சேர்ந்துபோன கூலி. திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் கஜபதி போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். மலைமேல் கோயிலில் நடக்கிற கல்யாணங்களில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து எடுக்கிற படத்துக்கென்று அவரிடம் ஒரு பெரிய மரக் காமிரா உண்டு. அந்தக் காமிராப் பெட்டியையும் முக்காலி ஸ்டாண்டையும் தலையில் வைத்துப் படியேறி, வேலை முடிந்ததும் இறக்கிக்கொண்டு வருவது முனியன் வேலை. மலைக்குப் பஸ் போகிறது. பெட்டிக்கு லக்கேஜ் கேட்பான் என்று கஜபதி மட்டும் பஸ்ஸில் போவார். பெட்டி முனியன் தலையில் போகும்.

படியில் நசுங்கிய வாழைப்பழத்தையும், யாரோ துப்பிய வெற்றிலை எச்சிலையும், காலில் சுற்றிக்கொள்கிற மொட்டை மயிரையும் மிதித்துக்கொண்டு அவன் மேலே போய்ச் சேரும்போது கஜபதி காப்பி குடித்து முடித்திருப்பார். "ஏண்டா இவ்ளோ நேரம்" என்பார். அதுதான் அவர் முதல் பேச்சு. கூலி கேட்டால் கடைசிப் பேச்சும் ஒன்று உண்டு: "நான் இன்னா ஊர வுட்டா ஓடப்போறேன்?"

அந்த எண்பத்திரண்டாம் வருஷம் முனியனுக்குப் பணம் வேண்டியிருந்தது குடிசைக் கூரைக்கு. மகள் அம்முவைச் சோளிங்கரில் கொடுத்திருந்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஐப்பசியில் நாள். ஐப்பசியில்தான் மழையும். கூரை ஓலை மக்கிக் கறுத்து, கை வைத்தால் சாணி மாதிரி நசிந்தது. போன மழையில் அதற்குள்ளிருந்து ஒரு பூரான் சோற்றுப் பானைக்குள் விழுந்தது. ஓலைக்கார வேணு, கையில் காசு வைத்தால்தான் வண்டி கட்டுவேன் என்று சொல்லிவிட்டான். முனியன் அவனுக்குப் பழைய பாக்கி எதுவும் வைக்கவில்லை. யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்பது வேணுவின் வழக்கம்.

"பச்சப் புள்ள மேல பூரான் வுழுந்தா உங்க மொதலாளியா வந்து தட்டுவாரு?" என்றாள் முனியன் பெண்சாதி எல்லம்மாள்.

"குடுக்கறேன்னுதான் சொல்றாரு."

"சொல்றத வெச்சிக் கூர மேயறதாய்யா?"

கஜபதி கொடுக்காததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். காரணம் காமிராவின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு சொரசொரப்பான கண்ணாடி உண்டு. எதிரில் நிற்கிறவர்கள் அதில் தலைகீழாக விழுவார்கள். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் படம் தெளிவாக விழுகிறதா என்று திருகித் திருகிச் சரி செய்ய வேண்டும். பழைய கண்ணாடி. நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. கஜபதிக்குக் கண்ணும் மங்கிவிட்டது. மலைமேல் மண்டபத்துக்குள் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆடியில் பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு எடுத்த படத்தில் முதல் வரிசை சரியாக இருந்தது, பின்வரிசையில் எல்லோர் மூஞ்சியும் கரைத்த கூழ். அவர்கள் படத்தை மேசைமேல் எறிந்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

"கண்ணாடி வெளிச்சமானாத்தான் தொழிலு. தொழிலு வந்தாத்தான் உனுக்குக் கூலி" என்றார் கஜபதி.

மெட்ராஸ் போய் ஒரு பெரிய காமிராக் கடையில் கேட்டுவிட்டு வந்தார். கண்ணாடியை வெளிச்சமாக்குகிற சீமைச் சாமான் ஒன்று இருக்கிறதாம். எண்ணூற்று ஐம்பது ரூபாயாம். அன்றைக்கு முழுக்க அந்தக் கடைக்காரனின் அம்மாவையும் அக்காளையும் வைதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவரே ஒரு வைத்தியத்தில் இறங்கினார். சொரசொரப்பில் நெய் தடவினால் வெளிச்சம் ஊடுருவும் என்று யாரோ சொன்னார்கள். காசு போட்டு நெய் வாங்குகிற ஆளா அவர்? மலைமேல் விளக்கு ஏற்றுகிற இடத்தில் வழிந்து தூசி படிந்து கிடந்த நெய்யை ஒரு பொடி டப்பாவில் வழித்து எடுத்துவரச் சொன்னார். வழித்ததும் முனியன்தான். கருகின திரியும் செத்த ஈயும் அதோடு வந்தன. அவர் அதைத் துணியில் வடிகட்டித் தடவினார். இரண்டு நாள் கொஞ்சம் தெரிந்தது. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் கண்ணாடி முழுக்கக் கட்டெறும்பு. நெய் கெட்ட வாடையும், கறுப்புத் துணியில் ஊறிய அவருடைய வேர்வையும் மூக்குப்பொடியும் சேர்ந்து, பெட்டியைத் தலையில் வைத்தால் செத்த எலியைச் சுமக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் அம்மையார்குப்பத்து ராஜகோபால் வந்தார். பவர்லூம் வைத்திருக்கிறவர். ஆவணியில் மலைமேல் மகள் கல்யாணம். அவருக்கும் அண்ணன் வேதாசலத்துக்கும் தறி பாகம் பிரித்ததில் பேச்சு வார்த்தை இல்லாமல் பல வருஷம். இந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்.

"அவரும் நானும் ஒரே படத்துல நிக்கணும். இந்த ஒரு வாட்டிதான் நிப்பாரு. தாலி கட்டி முடிஞ்சதும் போயிடுவாரு. சொதப்பிடாதீங்க" என்று சொல்லி அட்வான்ஸ் வைத்தார். மீதி முந்நூறு கல்யாணத்தன்றே கையில் தருவதாகவும் சொன்னார்.

அவர் போனதும் முனியன் கேட்டான். "அந்த முன்னூறுல என்னுது வந்துடுங்களா?"

"வரும்டா. ஒரு காசு விடாம வரும். ஆனா இந்தக் குருட்டுக் கண்ணாடிய வெச்சிகினு நான் இன்னாத்த எடுக்கறது?"

அப்போதுதான் மெட்ராஸில் ஒரு ரிப்பேர்க்காரன் காதில் போட்ட விஷயத்தை வெளியே எடுத்தார். எண்ணூற்று ஐம்பது ரூபாய்ச் சாமானுக்குள் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தகடுதான். தகடு முழுக்க வட்டம் வட்டமாக மெல்லிய வரி கீறியிருக்கும். வெள்ளெழுத்துக்காரர்கள் பேப்பர் மேல் வைத்துப் படிக்கிற தகடும் அதே ஜாதிதான். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் தேடினால் கிடைக்கும். அதை வெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் போதும், மூலை வரைக்கும் வெளிச்சம் வந்துவிடும். பதினைந்து ரூபாயை எண்ணி முனியன் கையில் வைத்துப் பாசஞ்சர் வண்டியில் அனுப்பினார். டிக்கெட்டுக்குக் காசு தனியாகக் கொடுத்தாரா என்றால், இல்லை.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை, பொம்மைக் கடை, கூண்டில் கிளி விற்கிற கடை என்று முனியன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனான். கேட்கத் தெரியவில்லை. "வட்ட வட்டமா கோடு போட்ட பிளாஸ்டிக்கு" என்றால் ஒருவன் சாப்பாட்டு மேசைமேல் விரிக்கிற ஷீட்டைக் காட்டினான். இன்னொருவன் பூதக்கண்ணாடியைக் காட்டினான். கிளிக்கூண்டு நாற்றத்தில் தலை சுற்றிப் போய், வெளிச்சுவர் ஓரம் சாக்கு விரித்துக் கப்பலில் வந்த சீமைச் சாமான் விற்கிற ஒருவனிடம் வந்து நின்றான். பல் குத்துகிற குச்சியிலிருந்து செத்த கைக்கடிகாரம் வரை அந்தச் சாக்கில் இருந்தது. நடுவில் ஓர் அட்டை உறைக்குள் தகடு.

"இன்னா நைனா, பேப்பர் படிக்கவா?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது. காமிராவுக்கு."

"காமிராவுக்கும் வெள்ளெழுத்து வந்துட்ச்சா?" கடைக்காரன் பக்கத்துச் சாக்குக்காரனைப் பார்த்துச் சிரித்தான். "நாப்பது."

"பதினஞ்சுதான் குடுத்தனுப்பினாரு."

"பதினஞ்சுக்கு உறைய எடுத்துகினு போ. தகட்ட நான் வெச்சிக்கிறேன்."

பேசிப் பேசி இருபத்திரண்டில் நின்றது. ஊருக்குத் திரும்ப என்று முனியன் இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஏழு ரூபாய் அதில் போயிற்று. டிக்கெட் இல்லாமல் ஏறினான். டிக்கெட் பரிசோதகர் வந்தால் ஒளிவதற்கென்று கக்கூஸ் கதவோரமே நின்றான். கதவு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் திறந்து திறந்து மூடியது. தண்ணீர் இல்லாத கக்கூஸ். ஒரு பொம்பிளை மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைக் கடந்து போனாள். நாற்றம் அவனிடமிருந்து வருவதாக நினைத்தாளோ என்னவோ. தகட்டை மட்டும் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து அணைத்துக்கொண்டான்.

"இருவத்திரெண்டா? நல்லா ஏமாந்துகினு வந்துகீற" என்றார் கஜபதி. "சரி, ஏழு ரூபா உன் பாக்கியோட சேத்துக்க."

சேர்த்தால் நூற்று நாற்பத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு.

தகட்டை அளவாக அறுத்து, வழவழப்புப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க, வரிப் பக்கம் வெளியே தெரிய வைத்தார். பிடித்துக்கொள்ளக் கிளிப் வாங்கக் காசு ஆகும். அதனால் எலும்பைக் காய்ச்சிச் செய்து தச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கிற வஜ்ஜிரப் பசையை உருக்கி நாலு ஓரத்திலும் ஊற்றி ஒட்டிவிட்டார். ஸ்டுடியோ இரண்டு நாளைக்குத் தோல் கிடங்கு மாதிரி நாறியது.

ஆனால் வேலை செய்தது. சரிபார்க்க வாசலில் காமிராவை நிறுத்தினார். தான் எதிரில் போய் நிற்க வேண்டும் என்று முதல் தடவையாக முனியனைத் துணிக்குள் விட்டார். முனியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ரோடு முழுக்கத் தலைகீழாக, மூலைக்கு மூலை வெளிச்சமாகத் தொங்கியது. டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கூடப் பளிச்சென்று தெரிந்தது. கஜபதி தலைகீழாக நின்று, "தெரிதாடா?" என்று கையை ஆட்டினார்.

"நல்லா தெரிதுங்க. உங்க மூக்குல பொடி இருக்கிறதுகூடத் தெரிது."

தன் கூலியும் வேணுவின் ஓலை வண்டியும் அந்த வெளிச்சத்துக்குள்ளேயே எங்கோ வந்துகொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

கல்யாணத்தன்று அதிகாலையிலேயே பெட்டியை மலைக்கு ஏற்றிவிட்டான். மண்டபத்தில் ஸ்டாண்டை நிறுத்தும்போது அவன்தான் சொன்னான், அதை அவனால் பிறகு மறக்கவே முடியவில்லை.

"புதுச் சாமானுங்க. சாமி பாதத்துல வெக்காம தொழிலுக்கு எடுக்கறதுங்களா?"

கஜபதிக்கும் அது சரியென்று பட்டது. புது லாரி வாங்கினாலும், புதுத் தறி போட்டாலும், புதுத் தராசு வாங்கினாலும் முதலில் மலைக்குத்தான் வரும். பூசை போடாமல் தொட்டால் விளங்காது. கண்ணாடிச் சட்டத்தைக் காமிராவிலிருந்து கழற்றித் தட்டில் வைத்து, தேங்காய் பழத்தோடு சன்னிதிக்கு எடுத்துப் போனார்கள். குருக்கள் பாதத்தில் வைத்து எடுத்து, வழக்கப்படி மூன்று விரலால் சந்தனத்தை அகலமாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மேலே விபூதியும் தூவிக் கொடுத்தார். லாரிக் கண்ணாடிக்குச் செய்கிற மாதிரியேதான் செய்தார். கஜபதி கண்ணில் ஒற்றிக்கொண்டார். முனியனும் ஒற்றிக்கொண்டான். பளிச்சென்ற வரிப் பக்கத்தில்தான் அத்தனையும் பூசியிருந்தது. இரண்டு பேருக்கும் அது மங்களமாகத்தான் தெரிந்தது.

தாலி கட்டி முடிந்தது. மேளம் நின்றது. ராஜகோபால் ஓடி ஓடி எல்லோரையும் வரிசைப்படுத்தினார். அண்ணன் வேதாசலம் கடுகடுவென்ற மூஞ்சியோடு வந்து, தம்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். கஜபதி கண்ணாடியை ஒரு துண்டால் துடைத்து மாட்டிவிட்டுத் துணிக்குள் போனார். போனவர் வெளியே வந்தார்.

"இன்னாடா இது, மஞ்சளா கீது."

மறுபடி துடைத்தார். காய்ந்த சந்தனம் மேலே போய்விட்டது, வரிக்குள் இறங்கினது போகவில்லை. எச்சில் துப்பித் துடைத்தார். குங்குமம் கரைந்து வட்டம் வட்டமாக ஓடியது. தண்ணீர் ஊற்றினார். சந்தனமும் குங்குமமும் விபூதியும் குழம்பாகி ஒவ்வொரு வரிக்குள்ளும் அப்பிக்கொண்டது. எதிரில் அறுபது பேர் வேர்த்துக்கொண்டு நின்றார்கள். கஜபதி பெட்டியைக் கிளறி, மரச்சட்டத்துக்கு வார்னீஷ் அடிக்க வைத்திருந்த தின்னர் பாட்டிலை எடுத்தார். துணியில் நனைத்து ஒரே தேய். பிளாஸ்டிக் இளகி, பால் மாதிரி வெளுத்து, மஞ்சளும் சிவப்புமாகப் பொங்கி நின்றது. சீழ் வைத்த புண்ணை அழுத்தின மாதிரி இருந்தது. முனியன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு மெதுவாகச் சொன்னான். "தகட்டப் பேத்துப் போட்டுட்டு, வெளிய வெயில்ல நிக்க வெச்சி எடுத்துடலாங்க. வெயில்ல பழைய கண்ணாடியே தெரியும்."

"ஒட்டுனத எப்பட்றா பேக்கறது? கண்ணாடி ஒடஞ்சா? சாமான் கெட்டுதுன்னு தெரிஞ்சா அட்வான்ஸத் திருப்பிக் கேப்பான். வாய மூடிகினு நில்லு."

பிறகு அவர் செய்ததை முனியன் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தான். துணிக்குள் போனார். அங்கே ஒன்றும் தெரியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கையை மட்டும் வெளியே நீட்டி, "பெரியவரு கொஞ்சம் உள்ள வாங்க... ஆங்... இன்னும் கொஞ்சம் தம்பி பக்கத்துல" என்றார். திருகாணியை இப்படியும் அப்படியும் திருகினார். வேதாசலம் வேண்டா வெறுப்பாக நகர்ந்து வந்து தம்பியின் தோளை ஒட்டி நின்றார். ராஜகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. கஜபதி வெளியே வந்தார், பிலிம் சட்டத்தைச் செருகினார், லென்ஸ் மூடியை எடுத்தார். "யாரும் அசையாதீங்க." மூடினார். "பிரமாதம்" என்றார்.

முனியன் கறுப்புத் துணியை மடித்து வைத்தான்.

பந்தி தொடங்கியது. முனியன் பெட்டியோரம் குந்தினான். சொல்லிவிடலாம் என்று எழுந்தான். எழுந்தவன் உட்கார்ந்தான். சொன்னால் கஜபதிக்கு முந்நூறு வராது. முந்நூறு வராவிட்டால் தன்னுடையது வராது. முதலில் காசு கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறார்கள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். வேதாசலம் முதல் பந்தியில் சாப்பிடுவதைப் பார்த்தான். மோர் ஊற்றிக்கொண்டதைப் பார்த்தான். கை கழுவித் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, தம்பியிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பஸ் நிற்கிற பக்கம் போனதையும் பார்த்தான். அப்போதும் காசு கைக்கு வரவில்லை. அவன் எழுந்திருக்கவில்லை.

ராஜகோபால் கஜபதியை அழைத்து முந்நூறை எண்ணிக் கொடுத்தார். கூடவே ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்தார். கஜபதி அதை வாங்கிக்கொண்டு, முனியனை மண்டபத்தின் பின்பக்கம் வரச் சொன்னார். எச்சில் இலை குவித்த இடம். பாயசமும் சாம்பாரும் கலந்து கால் வழுக்கியது. நாய்கள் இரண்டு இலையை இழுத்துக்கொண்டு உறுமின. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு, மாசியிலிருந்து ஒரு ரூபாய் தராதவர் தானாகவே பணத்தை எடுத்தார். ஒரு நூறு, நாலு பத்து, ஓர் ஐந்து.

"இந்தா. பாக்கி எல்லாம் சரியாப் போச்சு." பிறகு இன்னும் ஒரு பத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். "இது பொண்ணு பிரசவத்துக்கு. படம் சரியா வுழலன்னா லைட்டு பத்தலன்னு சொல்லிக்கலாம். உனுக்கு ஒண்ணும் தெரியாது. புரிதா?"

முனியன் அந்தப் பத்து ரூபாயைப் பார்த்தான். இத்தனை மாதம் நாயாகக் கேட்டுக் கிடைக்காத கூலி, வாயை மூடுவதற்கு உடனே கிடைக்கிறது. ஏழு மாதமாகக் காசு இல்லாமல் இல்லை, கொடுக்க மனசுதான் இல்லை. பத்து ரூபாயை எடுத்துக் கஜபதி கையிலேயே வைத்தான். இடுப்பைத் துழாவி ஐம்பது காசை எடுத்து அதன்மேல் வைத்தான்.

"எனுக்கு வர வேண்டியது நூத்தி நாப்பத்தி நாலரைதாங்க."

பணத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக ராஜகோபாலிடம் போனான். அவர் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"படம் வுழாதுங்க. கண்ணாடி கெட்டுப்போச்சு. துணிக்குள்ள ஒண்ணும் தெரியாமத்தான் அவரு எடுத்தாரு. தகட்டக் கீறி எடுத்துட்டு, வெளிய வெயில்ல நிக்க வெச்சி இன்னொருக்கா எடுக்கச் சொல்லுங்க."

ராஜகோபால் பாக்குத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணனக் கூப்புடுங்கடா" என்று கத்தினார். ஒருவன் ஓடினான். திரும்பி நடந்து வந்தான். பஸ் போய்விட்டது.

"இம்மா நேரம் இங்கதானே குந்திகினு இருந்த?" என்றார் ராஜகோபால். குரல் இறங்கியிருந்தது. "அவரு சாப்புடும்போது சொல்லியிருக்கக் கூடாதா?"

"கூலி வாங்கணும்னு இருந்துட்டங்க."

அவர் தோள் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார், ஏதோ கெட்டதைக் கடித்துவிட்ட மாதிரி. கூலி வாங்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பானா என்று அவர் கேட்கவில்லை. அதை முனியன்தான் தன்னைக் கேட்டுக்கொண்டான். கேட்டதும் அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எச்சில் இலை நாற்றம் இன்னும் தன்னோடு வந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது.

ராஜகோபாலின் மச்சினன்மார் இரண்டு பேர் கஜபதியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தேங்காய் உடைக்கிற அரிவாளின் முனையால் வஜ்ஜிரத்தை நெம்பினான். தகடு பிய்ந்து வந்தது. பழைய கண்ணாடி உடையவில்லை. வெளியே வெயிலில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குச் சாப்பிட்ட தூக்கம். வேதாசலம் நின்ற இடத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரை நிற்க வைத்தார்கள். கஜபதி துணிக்குள் போனார். இந்தத் தடவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெகுநேரம் உள்ளேயே இருந்தார். படம் எடுத்து முடிந்ததும் ராஜகோபால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

முனியன் படி இறங்குகிற இடத்துக்கு வந்துவிட்டான். கஜபதி பின்னாலேயே வந்தார். புது வேட்டியை ஏற்கெனவே யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

"டேய், பெட்டி அங்க கீது. யாரு தூக்கறது?"

"பஸ்ஸுல போட்டுங்க. லக்கேஜ் கேப்பான், குடுங்க."

"இனிமே ஸ்டுடியோ பக்கம் வந்த, காலை ஒடிப்பேன். உனுக்கும் எனுக்கும் கணக்குத் தீந்துபோச்சு."

கடை மூடுவதற்குள் வேணுவைப் பிடிக்க வேண்டும். முனியன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஆங்" என்றான். "தீந்துச்சுங்க."